கறுப்புத் திரையில் ஒரு கை

ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக ஜெரமி தன் நீலச் சட்டையை எடுத்து வைத்திருந்தான். கல்யாண வீட்டுக்கும் ஈஸ்டர் பூசைக்கும் மட்டும் வெளியே வருகிற சட்டை அது. அவனே அதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இடையிடையே மெல்ல விசிலடித்தான். மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் விசிலடித்ததில்லை. ஜூலியானா சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக இரண்டு வார்த்தை.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் கிறிஸ்டலுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீடு திரும்பிய பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு காதும் போய்விட்டது என்றார்கள். காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கோகிலன் சொன்னார். ஜெரமி பயந்தான். அவனுடைய அம்மா பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவர், உயிரோடு வெளியே வரவில்லை.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம், ஜூலி. மிஷின்தான் மாட்டியிருக்காங்கல்ல" என்றான். காதுக்குப் பின்னால் செருகுகிற சின்ன மிஷினைத்தான் சொன்னான்.

ஜூலியானாவும் சரியென்றுதான் சொன்னாள். அவ்வளவு சின்னத் தலையில் கத்தி வைப்பதை அவளாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொறுத்ததில் மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த மாதங்களில் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் விளையாட்டு. ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் காதைப் பரிசோதிக்கும் சலேஹா சொல்லிக் கொடுத்தது. 'இதைச் செய்தால் அது நடக்கும்' என்பது முதலில் பிள்ளைக்குப் பிடிபட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பொத்தானை அமுக்கினால் பெட்டியின் மூடி திறந்து கரடி எட்டிப் பார்க்கும். மேலே பந்தைப் போட்டால் கீழே உருண்டு வரும். கயிற்றை இழுத்தால் மர வாத்து ஆடி ஆடி நகரும். கிறிஸ்டல் அத்தனையையும் மளமளவென்று பிடித்துக்கொண்டாள். கரடி வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவாள். அது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் சத்தத்தைச் சேர்க்க வேண்டும். டின்னைத் தட்டினால் கையிலுள்ள மரக்கட்டையைத் தொட்டியில் போட வேண்டும். தட்டும்வரை கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இது மட்டும் வந்துவிட்டால், எந்தச் சத்தம் தனக்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பிள்ளையே கட்டையைப் போட்டுக் காட்டிவிடும்.

ஜெரமி பத்து காவான் என்கிற ஊரிலிருக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்த ஈரம்கூட ஆறாமல், காலி மைலோ டின்னோடு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவான். வெகுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள், டின்னைத் தட்டியதும் கிறிஸ்டல் கட்டையைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். அதற்குப் பிறகு தவறவே இல்லை.

"கேக்குதுலா, ஜூலி. என் பிள்ளைக்குக் கேக்குது" என்று அவன் அன்று தரையில் உட்கார்ந்து அழுதான். காது கேட்கிற பிள்ளைக்கு எதற்கு ஆபரேஷன் என்று, அப்புறம் வந்த இரண்டு அப்பாயிண்ட்மெண்டையும் தட்டிக் கழித்துவிட்டான். கடைசியில் சலேஹாவே போன் செய்து, குறைந்தபட்சம் ஒரு ஸ்கேனாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். இன்று காதைப் பரிசோதித்துவிட்டு, ஸ்கேனைப் பற்றியும் பேசுவதாக ஏற்பாடு.

"இங்க வா, ஜூலி. ஒரு வீடியோ எடு. டாக்டருக்குக் காட்டணும்" என்று ஜெரமி கூப்பிட்டான். "அங்க போய் புது இடத்துல அவ முரண்டு பிடிச்சாலும், இது கையில இருக்கும்."

கிறிஸ்டல் ஏற்கெனவே தன் குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முன்னால் நீலத் தொட்டி. கையில் மஞ்சள் கட்டை. அவளுக்குப் பின்னால் சோபாவில் ஜெரமி. மடியில் டின். ஜூலியானா பக்கவாட்டில் நின்று போனைப் பிடித்தாள்.

ஜெரமி கரண்டியை ஓங்கித் தட்டினான். டொக். கட்டை தொட்டியில் விழுந்தது. அவன் சிரித்தான். கிறிஸ்டலும் சிரித்தாள். அடுத்த கட்டை கன்னத்துக்குப் போனது. இம்முறை அவன் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான். பிள்ளை அசையாமல் காத்திருந்தாள். டொக். கட்டை விழுந்தது.

"பாத்தியா? எப்படி வெய்ட் பண்ணுறா பாத்தியா?"

ஜூலியானா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இத்தனை நாளும் அந்த நேரத்தில் அவள் சமையலில் இருப்பாள், இல்லாவிட்டால் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஜெரமியின் குரலைக் கேட்டு ஓடி வந்து, தொட்டியில் விழுந்த கட்டைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி. இன்றுதான் போன் திரை வழியாக மகளின் கண்களை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறாள். அந்தக் கண்கள் தொட்டியைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

எதிர்ச்சுவரில் அணைத்து வைத்த பெரிய டிவி. அதன் கறுப்புத் திரையில் நீலச் சட்டை தெரிந்தது. ஜெரமியின் தோள் தெரிந்தது. கரண்டி பிடித்த கை மேலே எழும்புவது, கண்ணாடியில் பார்ப்பது மாதிரித் தெளிவாகத் தெரிந்தது.



"இன்னொரு வாட்டி செய்யுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே நகர்ந்து போய் டிவிக்கு முன்னால் நின்றாள்.

ஜெரமி கையை ஓங்கினான். கிறிஸ்டல், தாயின் இடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்காக நாற்காலியிலேயே ஒருபக்கம் சாய்ந்தாள். சாய்ந்து, திரையைக் கண்டுபிடித்து, கட்டையைத் தொட்டியில் போட்டாள்.

"சூப்பர்லா, பாப்பா" என்று ஜெரமி அவளைத் தூக்கிச் சுற்றினான். பிள்ளை கழுத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கலகலவென்று சிரித்தாள்.

ஜூலியானா போனை அணைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் எந்த வார்த்தையை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. ஒருவேளை கேட்கவும் செய்கிறதோ, பார்க்கவும் செய்கிறாளோ, இரண்டுமாக இருக்கலாமே என்று மனம் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டது. நீரில் முழுகுகிறவளுக்குக் கிளை எவ்வளவு மெலிசு என்று பார்க்கத் தோன்றாது.

காடியில் போகும்போது ஜெரமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தான். நாலு வயதானதும் கான்வெண்ட் பாலர் பள்ளியில் போடலாம் என்றான். செயின்ட் ஆன் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றவேண்டும் என்றான்.

"என்ன, ஒண்ணும் பேசாம வர்ற?"

"தலைவலி" என்றாள் ஜூலியானா.

சத்தம் புகாத அந்த அறையில் ஒரு தாழ்ந்த மேசையும் இரண்டு நாற்காலிகளும் இருந்தன. மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர்கள். உதவிக்கு வந்த பெண்ணைப் பார்த்து கிறிஸ்டல் வீறிட்டதால், ஜூலியானாவையே எதிரில் உட்காரச் சொன்னார்கள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சலேஹா தன் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஜெரமி நின்றான்.

"புவான், கட்டையை எடுத்துக் குடுத்தா போதும்" என்று சலேஹாவின் குரல், 'அம்மா' என்பதற்குப் 'புவான்' போட்டு, மேலேயிருந்து மலாயில் வந்தது. "முகத்துல மட்டும் எதையும் காட்டிடாதீங்க."

கிறிஸ்டலுக்கு இது தன் விளையாட்டு என்று புரிந்துவிட்டது. கட்டையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

முதலில் புறா குமுறுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. கிறிஸ்டல் அசையவில்லை. சத்தம் கொஞ்சம் ஏறியது. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே வெறும் துணி ஒட்டிய சுவர். பக்கச் சுவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். இன்னும் ஏறியது. ஜூலியானாவுக்கே காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. கிறிஸ்டல் எதையோ தொலைத்தவள் மாதிரி அறை முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் தாயின் முகத்துக்கு வந்து நின்றாள். எப்போது போட வேண்டும், நீயாவது சொல் என்று கேட்கிற பார்வை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரமி குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டிருந்தான்.

செய்யக் கூடாது என்று தெரிந்துதான் ஜூலியானா செய்தாள். அவளுடைய மோவாய் ஒரு நூல் அளவு கீழே இறங்கி எழும்பியது.

கட்டை தொட்டியில் விழுந்தது. கிறிஸ்டல் கைதட்டினாள். ஜெரமி முஷ்டியை உயர்த்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ கத்தினான். இந்த அறைக்குள் அது கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

சலேஹா கருவியை நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புவான், தயவுசெஞ்சு கீழ பாருங்க. உங்க கால் விரலையே பாத்துக்கிட்டிருங்க" என்றாள்.

ஜூலியானா குனிந்து செருப்புக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தாள். சத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. புறாச் சத்தம் போய் விசில் மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு மேளச் சத்தம். அது நாற்காலியின் காலிலேயே அதிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஜூலியானாவின் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தொட்டியில் எதுவும் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் கிறிஸ்டல் நாற்காலியிலிருந்து இறங்கும் அரவம் கேட்டது. மேசைக்கு அடியில் நுழைந்து வந்தாள். தாயின் முழங்காலுக்கு இடையில் குந்தி உட்கார்ந்து, குனிந்திருந்த அந்த முகத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். கட்டை அப்போதும் கன்னத்தோடுதான் இருந்தது.

சலேஹா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தரையில் மண்டியிட்டுப் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"ரொம்பக் கெட்டிக்காரி, புவான். என்ன கத்துக் குடுத்தோமோ அதை நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கா. அப்பா கை எழும்பினா கட்டையைப் போடணும், போட்டா அப்பா சிரிப்பார். இவளுக்கு விளையாட்டு அதுதான். சத்தம் அதுல இல்லவே இல்லை."

வாசலில் ஜெரமி நின்றான். "இடம் புதுசுலா, மிஸ். பயந்துட்டா" என்றான். "டாக்டர்கிட்ட நான் வீடியோ காட்டுறேன்."

டாக்டர் கோகிலனின் அறையில் திரையில் ஸ்கேன் படம் விரிந்திருந்தது. அவர் சுற்றி வளைக்கிற ஆளில்லை.

"உள்காது நத்தைக்கூடு மாதிரி இருக்கும். உள்ள தண்ணி நிக்கிற ஒரு குழாய். கருவியோட கம்பி அந்தக் குழாய்க்குள்ளதான் போகணும்" என்று பேனாவால் காட்டினார். "இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைங்களுக்கு அந்தக் குழாய்ல எலும்பு வளரும். அதனாலதான் அன்னிக்கே சீக்கிரம் வாங்கன்னேன். வலது பக்கம் பாருங்க, முழுசா அடைச்சுக்கிட்டுது. இடது பக்கம் பாதி. இன்னும் கொஞ்சம் வழி இருக்கு. எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது."

"ஆனா அவளுக்குக் கேக்குது, டாக்டர்" என்றான் ஜெரமி. போனை நீட்டினான். "இதைப் பாருங்க. இன்னிக்குக் காலையில எடுத்தது."

டாக்டர் போனை வாங்கினார். அவசரப்படாமல் கடைசிவரை பார்த்தார். அந்தச் சிறிய அறையில் ஜெரமியின் குரல் போனிலிருந்து கேட்டது: 'எப்படி வெய்ட் பண்ணுறா பாத்தியா?'

ஜூலியானா கிறிஸ்டலை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"டிவியில தெரியுது, டாக்டர்" என்றாள். "அவ அப்பா கையை டிவியில பாக்குறா."

 டாக்டர் வீடியோவைப் பின்னால் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். ஜெரமியின் பக்கம் திருப்பி வைத்தார். கறுப்புத் திரையில் தன் கை ஓங்கி நிற்பதை ஜெரமி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். 

டாக்டர்தான் மறுபடியும் பேசினார்.

"வியாழக்கிழமை ஒரு பிள்ளைக்கு ஆபரேஷன் போட்டிருந்தோம். அதுக்குச் சளி, தள்ளி வச்சிட்டோம். அந்த இடத்தை நாளைக்குக் காலைவரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன். இடது காதுல முயற்சி பண்ணலாம். கம்பி முழுசா உள்ள போகுமான்னு தெரியாது. போனாலும் எவ்வளவு கேக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஏப்ரல் அப்பாயிண்ட்மெண்டுக்கு வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

ஏப்ரல் என்ற சொல் மேசைமேல் கல் மாதிரி கிடந்தது.

காடி நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துப் பட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஜெரமி கேட்டான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"காலையில. வீடியோ எடுக்கிறப்ப."

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு..." 

"உள்ள தலையாட்டினியே. அந்த மிஸ் சொன்னாங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு நான் கையைத் தூக்கிக் கத்தினேன், ஜூலி. அவங்க என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "தெரிஞ்சுக்கிட்டே என்னை அங்க கோமாளியா நிக்க வச்சிட்ட."

"எனக்கும் அது உண்மையா இருக்கணும்னு இருந்துச்சுங்க. உங்களுக்கு மட்டுமா?"

அவன் காடியில் ஏறி உட்கார்ந்தான். ஃபிளாட் வாசலில் இருவரையும் இறக்கிவிட்டான். ஜூலியானா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்புவதற்குள் காடி முனை திரும்பிவிட்டது.

ஒன்பதாவது மாடியில் மோனிக்கா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஜெரமியின் அக்கா அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இவர்களோடுதான் இருக்கிறாள். ஜூலியானா கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போகிற நாட்களில் கிறிஸ்டல் பகல் முழுக்க இவளுடைய இடுப்பில்தான். காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்கி, நல்ல செய்தி வரும் என்று குழம்பு வைத்திருந்தாள்.

தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஜூலியானா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எலும்பு வளர்ந்தது, பாதி மூடின காது, வியாழக்கிழமை, டிவி.

மோனிக்கா டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் விஷயமா?" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட அவ ஒருநாளும் போட்டதில்லையே."

"என்னக்கா?"

"பகல்ல நானும் டின்னைத் தட்டுவேன்லா. அடுப்பங்கரையில வச்சு. நான் பின்னால நின்னு தட்டிக்கிட்டே இருப்பேன், அவ பாட்டுக்குக் கட்டையைக் கடிச்சிக்கிட்டு இருப்பா. நமக்குத்தான் சரியாத் தட்டத் தெரியலைன்னு நெனச்சேன்." அவள் நிறுத்தினாள். "ஏன், ஜெரமி உன்கிட்ட சொல்லலையா?"

"எதை?"

"அவன்கிட்ட அப்பவே சொன்னேனே. பெரிய வியாழன் வாரத்துல. 'தம்பி, எங்கிட்ட பிள்ளை ஒரு தடவைகூடப் போடல, எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு'ன்னேன். 'ஜூலி இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா, நீ குறுக்க வராதக்கா, நானே பக்குவமாச் சொல்றேன்'னான். சொல்லியிருப்பான்னு நெனச்சு நான் விட்டுட்டேன்."

ஜூலியானா சுவரில் சாய்ந்தாள்.

பெரிய வியாழன் ஏப்ரலில் வந்தது. ஈஸ்டருக்கு ஜெரமி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலில் பக்கத்தில் நின்றதும், நன்றி சொல்லிப் பாடும்போது அவன் கண் கலங்கியதும் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவன் நெஞ்சில் இது இருந்திருக்கிறது. அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவாம். மகளின் காதுக்குள் எலும்பு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், தாய் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. தன் தலையசைப்பும் அவனுடைய மௌனமும் ஒரே மரத்துக் காய்கள்தான் என்று தெரிந்தது. ஆனால் அவளுடையது சில நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. அவனுடையது நாலு மாதம் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்திருக்கிறது.

சாயங்காலம்வரை ஜெரமி போனை எடுக்கவில்லை. மோனிக்கா ஊட்டி முடித்தாள். கிறிஸ்டல் பொத்தானை அமுக்கிக் கரடியை எழுப்பி, மறுபடியும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். மசூதியிலிருந்து மஃரிப் பாங்கு கேட்கத் தொடங்கியபோது ஜூலியானா ஒரு முடிவோடு எழுந்து, டாக்டர் கோகிலன் கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நான் கிறிஸ்டலோட அம்மா. வியாழக்கிழமைக்கு நாங்க வர்றோம்."



"உங்க ஹஸ்பண்ட் ஒரு மணி நேரம் முன்னாடி பேசினாரும்மா. வேணாம்னு சொல்லிட்டாரே."

"என்ன சொன்னார்?"

"பாதிக் காதுக்காகப் பிள்ளை தலையைத் திறக்க வேணாம்னார். நான் எடுத்துச் சொன்னேன். கேக்குற நிலையில அவர் இல்ல." டாக்டர் மூச்சை இழுத்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்கம்மா. காலையில எட்டு மணி வரைக்கும் நான் காத்திருக்கேன். அதுக்கப்புறம் அடுத்த பிள்ளையோட அப்பா அம்மாவைக் கூப்பிட்டாகணும். அவங்களும் ரொம்ப நாளாக் காத்திருக்காங்க."

போனைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்தாள். கிறிஸ்டலின் உடுப்புகள், பால் போத்தல், அவள் கட்டிக்கொண்டு தூங்கும் துண்டு எல்லாவற்றையும் வைத்தாள்.

"அவன் வரட்டும்லா, ஜூலி" என்றாள் மோனிக்கா. "கோவத்துல எதையும் செஞ்சிடாத."

"கோவமெல்லாம் இல்லக்கா. நாளைக்குக் காலையில இவளைத் தூக்கிக்கிட்டுப் போய் டாக்டர் வாசல்ல உக்காரப் போறேன். அவ்வளவுதான்."

லிஃப்ட் நின்று திறக்கும் சத்தம். வெளியே காலடி. ஜெரமி வந்தான். சட்டை கசங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாற்காலியில் இருந்த பையைப் பார்த்துவிட்டான்.

"டாக்டர்கிட்ட பேசிட்டியா?"

"பேசிட்டேன். உங்க அக்காகிட்டயும் பேசிட்டேன்."

அவன் மோனிக்காவைப் பார்த்தான். மோனிக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பெரிய வியாழன்லேயே தெரிஞ்சிருக்கு" என்றாள் ஜூலியானா.

"தெரியலலா, ஜூலி. சத்தியமாத் தெரியல. அக்காவுக்குத் தட்டத் தெரியலைன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." அவன் குரல் உடைந்தது. "தெரிஞ்சுக்க எனக்குத் தைரியமில்ல."

"இப்பவாவது வேணும்ல? இன்னும் பாதி வழி திறந்திருக்குன்னு சொல்றார்."

"அவரே வாக்குக் குடுக்கமாட்டேன்னுதானே சொன்னார்? ஒண்ணும் கேக்காம, தலையில தையலோட... இல்ல, உள்ள போனவ வெளிய வராமலே..." அவன் தலையை ஆட்டினான். "என்னால முடியாது. என்னாலதான் அவ காது போச்சு. உயிரும் என்னாலயே போக வேணாம்."

"உயிர் போகும்னு யார் சொன்னா?"

"எங்கம்மாவுக்கும் யாரும் சொல்லல."

 உள்ளே கிறிஸ்டல் தனக்குத் தெரியாத குரலில் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே கேட்காத பாட்டு அது.

"காலையில நான் போறேன்" என்றாள் ஜூலியானா. "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ஜெரமி வாசலுக்குப் போனான்.  மணி எட்டுகூட ஆகவில்லை. வழக்கமாக எல்லாரும் படுக்கப் போகும்போதுதான் அவன் இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டுவான். இன்று இப்போதே இழுத்தான். பூட்டைப் போட்டான். பக்கத்துச் சுவரில் சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்தான். மாட்டவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான்.

"சாவியை ஆணியில மாட்டுங்க" என்றாள் ஜூலியானா.

அவன் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டான். சாவிக்குக் கீழே அவன் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவது, அவள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.